செம்பனை எண்ணெயில் ஓடுமா பழைய லேண்ட் ரோவர்?

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் அங்குள்ள பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைக் காணாமல் வந்திருக்க முடியாது. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரையில், கறிகாய்த் தோட்டங்களுக்கு இறங்கும் மண் பாதைகளில், முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு அவை இன்றும் ஊர்ந்து செல்கின்றன. சாயம் உரிந்து, கதவு கயிற்றால் கட்டப்பட்டு ஓடும் வண்டிகளும் அவற்றில் உண்டு. சுற்றுலா வந்தவருக்கு அது வேடிக்கை. வைத்திருப்பவருக்கோ அதுவே பிழைப்பு. மழையில் சேறான சரிவில் புதிய வண்டி வழுக்கி நிற்கும் இடத்தில், நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் இந்தப் பழைய வண்டி ஏறிவிடும்.

இத்தகைய வண்டிக்காரர்களுக்கு ஒரு சோதனை 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் வந்தது. தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கு எல்லார்க்கும் பொதுவாக அளிக்கப்பட்டு வந்த உதவித்தொகை அன்று நிறுத்தப்பட்டது. அதற்கு முன்தினம் வரை லிட்டர் 2 வெள்ளி 15 காசாக இருந்த டீசல், ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசு ஆயிற்று. சபா, சரவாக், லாபுவான் ஆகிய இடங்களில் மட்டும் பழைய விலை விட்டுவைக்கப்பட்டது. தகுதி பெற்ற டீசல் வண்டிக்காரர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 வெள்ளி உதவி அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆயினும், விலை ஏறிய அன்றிலிருந்து ஒரு கேள்வி பட்டறைகளிலும் தேநீர்க் கடைகளிலும் அடிபடத் தொடங்கிற்று. நாடெங்கும் செம்பனை விளைகிறது. சமையல் எண்ணெய் மூலைக்கு மூலை கிடைக்கிறது. அதை ஏன் இந்தப் பழைய வண்டிக்கு ஊற்றக்கூடாது?

கேள்வி நியாயமானதே. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. லிட்டருக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது ஒரு கணக்கு. மைலுக்கு எவ்வளவு மிச்சம், ஆண்டு முடிவில் பட்டறைக்காரரிடம் எவ்வளவு கொடுத்தோம் என்று பார்ப்பது வேறொரு கணக்கு. இந்த இரண்டாம் கணக்கையே நாம் ஈண்டு போட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவரை வெளியிட்டது. உலகப் போர் முடிந்து எஃகு கிடைக்காத காலம் அது. அதனால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். நம் நாட்டு மழையில் அந்த வண்டிகள் இத்தனை ஆண்டு துருப்பிடித்து உதிராமல் நிற்பதற்கு அன்றைய எஃகுப் பஞ்சம் ஒரு காரணம் என்பது சுவையான செய்தி. தொடக்கத்தில் பெட்ரோல் எஞ்சின் மட்டுமே இருந்தது. 1957இல் டீசல் எஞ்சின் வந்தது. 1961இல் அதைப் பெருக்கி இரண்டேகால் லிட்டர் கொள்ளளவு உள்ளதாக்கினர். 1971 முதல் 1985 வரை வந்த மூன்றாம் வரிசை வண்டிகளிலும் இந்த இரண்டேகால் லிட்டர் எஞ்சின்களே பெரும்பாலும் இருந்தன.

அந்தப் பெட்ரோல் எஞ்சின் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும். டீசல் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் 10 கிலோமீட்டர் வரை ஓடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்று வைத்துக்கொள்வோம். டீசல் 100 லிட்டர் வேண்டும். பழைய விலையில் 215 வெள்ளி, 2024 ஜூன் விலையில் 335 வெள்ளி. பெட்ரோல் வண்டிக்கு 167 லிட்டர் வேண்டும்; அப்போது லிட்டர் 2 வெள்ளி 5 காசாக இருந்த ரான் 95 பெட்ரோலுக்கு 342 வெள்ளி ஆயிற்று. ஆக, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டினால் மிச்சம் என்று பல்லாண்டுகளாக நிலவி வந்த எண்ணம் ஒரே இரவில் பொருளற்றதாயிற்று. எரிபொருள் செலவைப் பற்றி நினைப்பவர் தம் நாட்டு விலைக் கொள்கையையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் வண்டிக்காரருக்கு முன்பு வேறொரு வழி இருந்தது. மலேசியாவில் இயற்கை வாயு மலிவாக விற்கப்பட்டு, டாக்சிகள் பெருவாரியாக அதில் ஓடின. ஆனால் வாயுவை அடைக்கும் உருளைகளுக்கு ஆயுட்காலம் 15 ஆண்டே. அதைத் தாண்டியவை வெடிக்கும் ஆபத்து உண்டு. 2025 ஜூலை 1 முதல் வண்டிகளுக்கு இயற்கை வாயு விற்பதை அரசாங்கம் நிறுத்திற்று. ஆகவே அந்தக் கதவு மூடிவிட்டது. வீட்டு அடுப்புக்கு வைத்திருக்கும் கேஸ் தோம்பை வண்டியின் பின்புறம் கட்டிக் குழாய் இழுக்கும் விபரீத யோசனையை யாரேனும் கூறினால் காது கொடுக்கவேண்டாம். இனி டீசல் வண்டியைப் பற்றியே பேசுவோம்.

தாவர எண்ணெயில் எஞ்சின் ஓட்டுவது புதுமையன்று. டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலின் காலத்திலேயே, 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில், ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை ஏராளமாக விளைகிறதே, அதைக் கொண்டே அங்கு எஞ்சின்களை ஓட்டலாமே என்று பிரெஞ்சு அரசாங்கம் எண்ணியதன் விளைவு அது. பார்த்தவர்களில் பலருக்கு அதில் ஓடுவது கடலை எண்ணெய் என்பதே தெரியாது என்று டீசல் பின்னர் கூறியிருக்கிறார்.

நம்மவர்களுக்கு இதைவிட நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று பெல்ஜியத்தில் நடந்தது. காங்கோவிலிருந்து பெல்ஜியத்துக்குச் செம்பனை எண்ணெய் வந்துகொண்டிருந்தது. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாவான் என்னும் அறிஞர், அந்த எண்ணெயைச் சாராயத்துடன் வினைபுரியச் செய்து இலேசான எரிபொருளாக மாற்றும் முறைக்கு 1937ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டில் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவானுக்கும் இடையே ஒரு பயணிகள் பஸ் அந்த எரிபொருளில் ஓடிற்று. இன்று பயோடீசல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதுவே. போருக்குப் பின் பெட்ரோலியம் மலிந்துவிட்டதால் உலகம் அதை மறந்துவிட்டது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தேவை வேறு விதமாக வந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரை, பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களும் லோரிகளும் மரக்கரியில் ஓடின. பின்புறம் ஓர் இரும்பு உலை. அதில் கரி அரைகுறையாக எரியும். வரும் வாயுவை எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த வாயுவில் எஞ்சினின் வலிமை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். அதனால் தள்ளவேண்டி வந்தது. விற்பனையின்றிக் கிடந்த ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் வடித்தவர்களும் அன்று இருந்தனர். இவையெல்லாம் வேறு வழியே இல்லாத காலத்து உபாயங்கள். மூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டிய வண்டிக்குக் கரி உலை உதவாது.

இப்போது கேள்விக்கு வருவோம். சமையல் எண்ணெயை அப்படியே டாங்கியில் ஊற்றினால் என்ன ஆகும்?

வண்டி ஓடும். அதுதான் ஏமாற்றுகிற இடம். முதல் நாள் ஓடும். முதல் மாதமும் ஓடும். புகையில் பலகாரம் சுடும் மணம் வரும். கெடுதல் மெல்ல உள்ளே சேர்கிறது.

எண்ணெயின் அமைப்பைச் சிறிது நோக்கினால் காரணம் விளங்கும். எந்தத் தாவர எண்ணெயும் கிளிசரின் என்னும் ஒரு பொருளோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்துக்கொண்டிருக்கும் அமைப்பு. ஒரு கொம்பில் மூன்று நீண்ட வால்கள் தொங்குவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அது பெரிய மூலக்கூறு. ஆகவே எண்ணெய் பாகுபோல் கெட்டியாக இருக்கிறது. 40 பாகை வெப்பத்தில் டீசலின் பாகுத்தன்மையைப் போல் செம்பனை எண்ணெயின் பாகுத்தன்மை ஏறத்தாழப் பத்து மடங்கு. டீசல் எஞ்சினின் நோசல் எரிபொருளைப் பனிப்புகை போன்ற நுண்துளிகளாகச் சிதறடிக்க வேண்டும். கெட்டியான எண்ணெய் அப்படிச் சிதறாமல் தாரையாகப் பாய்கிறது. பாய்ந்தது முழுதும் எரிவதில்லை. எரியாத எண்ணெய் நோசல் முனையில் கரியாகப் படிகிறது. பிஸ்டன் ரிங்குகளில் பசையாக ஒட்டிக்கொண்டு அவற்றை அசையவிடாமல் இறுக்குகிறது. சுவர் வழியே கீழே வழிந்து எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதையும் கெடுக்கிறது. நோசலை மாற்றுவது ஒரு பகல் வேலை. ரிங் இறுகிவிட்டாலோ எஞ்சினையே பிரிக்க வேண்டும்.

இரண்டேகால் லிட்டர் லேண்ட் ரோவர் எஞ்சினில் எரிபொருள் நேரே பிஸ்டன் தலையில் பாய்வதில்லை; பக்கத்தில் உள்ள ஒரு சிறிய சுழல் அறையில் பாய்ந்து, அங்கே காற்றோடு சுழன்று எரியத் தொடங்குகிறது. இவ்வகை எஞ்சின்கள் மட்டமான எரிபொருளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். “பழைய எஞ்சின் எதையும் குடிக்கும்” என்று பட்டறைகளில் சொல்வதற்கு இதுவே ஆதாரம். ஆனால் அந்த எஞ்சினுக்கு எரிபொருளைத் தள்ளிக் கொடுக்கும் பம்பு அவ்வளவு பொறுமை உள்ளதன்று. சி.ஏ.வி. கம்பெனியின் டி.பி.ஏ. என்னும் சுழல் பம்பு அது. மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் அதன் உள்ளுறுப்புகள் சுழல்கின்றன. அவற்றுக்கு மசகு வேறு கிடையாது. ஓடும் எரிபொருளேதான் மசகு. குளிர்ந்த கெட்டி எண்ணெய் அதில் புகுந்தால் சுழலி இறுகி, அதைச் சுழற்றும் தண்டு முறியக்கூடும். எஞ்சின் எண்ணெயால் மசகிடப்படும் நீள்வரிசைப் பம்பு உள்ள எஞ்சின்கள் இந்த வகையில் வலிமையானவை. ஜப்பானிய டீசல் எஞ்சின் மாற்றப்பட்ட லேண்ட் ரோவர் உங்களுடையதாயின், எந்தப் பம்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசுங்கள்.

எண்ணெயைச் சூடாக்கி இளக்கலாமே என்று கேட்கலாம். ஐரோப்பாவில் அவ்வாறு செய்பவர்கள் உண்டு. வண்டியில் இரண்டு டாங்கிகள் வைப்பார்கள். ஒன்றில் டீசல், மற்றொன்றில் எண்ணெய். டீசலில் எஞ்சினைக் கிளப்பி, ரேடியேட்டர் வெந்நீர் எண்ணெய்க் குழாயைச் சுற்றி ஓடி அதை 80 பாகைக்கு மேல் காய்ச்சிய பின் எண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பாக மீண்டும் டீசலுக்கு மாற்றி, பம்பிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடுவார்கள். நெடுஞ்சாலையில் இருநூறு கிலோமீட்டர் ஒரே மூச்சாக ஓடும் வண்டிக்கு இது பொருந்தும். தோட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏறிச் சந்தைக் கொட்டகையில் நின்று, கூடையை இறக்கி மீண்டும் இறங்கும் வண்டிக்கு எஞ்சின் சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. நாள் முழுதும் டாங்கி மாற்றிக்கொண்டிருப்பதே வேலையாகிவிடும்.

தவிர, செம்பனை எண்ணெய்க்கென்றே ஒரு குணம் உண்டு. கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போலன்றி அது எளிதில் உறையும். நமது சமையலறைப் போத்தலில் தெளிவாக இருக்கும் எண்ணெய்கூடக் குளிரான ஊரில் மங்கி, அடியில் வெண்மையாகக் கட்டிப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. அங்கே விடியற்காலையில் வெப்பம் 15 பாகையை ஒட்டி இறங்குவது சாதாரணம். அந்நேரத்தில் டாங்கியில் இருப்பது எரிபொருளாக இராது; நெய்யாக இருக்கும்.

விலையையும் பார்த்துவிடுவோம். 2024ஆம் ஆண்டில் கச்சாச் செம்பனை எண்ணெய் டன் ஒன்று சராசரியாக 4,000 வெள்ளிக்கு மேல் விற்றது. லிட்டருக்குக் கணக்கிட்டால் மூன்றரை வெள்ளியைத் தாண்டுகிறது. உதவித்தொகை இல்லாத டீசலைவிடவும் அது விலை கூடியது! கடையில் கிலோ இரண்டரை வெள்ளிக்கு விற்கப்பட்ட பொட்டல எண்ணெய் இதற்கு விலக்கல்லவா என்று சிலர் நினைக்கலாம். அந்த விலை அரசாங்க உதவித்தொகையால் வந்தது. ஏழை வீட்டு அடுப்புக்காக ஒதுக்கப்பட்டது. அதை டாங்கியில் ஊற்றுவது சட்டத்துக்கும் ஒவ்வாது, மனச்சாட்சிக்கும் ஒவ்வாது. ஆகவே புது எண்ணெய் என்ற பேச்சுக்கே இடமில்லை. மிஞ்சுவது ரொட்டி சானாய்க் கடையிலும் கோழி பொரிக்கும் கடையிலும் பயன்படுத்திக் கழித்த எண்ணெய்.

எஞ்சினை எண்ணெய்க்கு ஏற்ப மாற்றுவதைவிட, எண்ணெயை எஞ்சினுக்கு ஏற்ப மாற்றுவதே அறிவுடைமை. ஷாவான் செய்தது இதைத்தான். எண்ணெயுடன் மெத்தனால் என்னும் சாராய வகையையும் சிறிதளவு காரச் சோடாவையும் சேர்த்துக் கலக்கினால், கிளிசரின் கொம்பு கழன்று விழுகிறது. மூன்று வால்களும் தனித்தனியே மெத்தனாலோடு சேர்ந்து மூன்று சிறிய மூலக்கூறுகள் ஆகின்றன. கிளிசரின் கனமானது, அடியில் தங்குகிறது. மேலே நிற்பதுதான் மெத்தில் எஸ்டர், அதாவது பயோடீசல். நூறு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ நூறு கிலோ பயோடீசலும் பத்துக் கிலோ கிளிசரினும் கிடைக்கும். பாகுத்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறைந்து டீசலை ஒட்டி வந்துவிடுகிறது. நோசலுக்கும் பம்புக்கும் இனி மனவருத்தம் இல்லை.

இதில் நம் நாட்டின் ஆராய்ச்சி உலக அளவில் மதிக்கத்தக்கது. மலேசியச் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் 1982ஆம் ஆண்டிலிருந்தே இத்துறையில் ஈடுபட்டது. 1985இல் ஆண்டுக்கு 3,000 டன் உற்பத்தி செய்யும் மாதிரி ஆலையை அமைத்தது. பின்னர் மெர்சிடிஸ் பென்ஸ் எஞ்சின் பூட்டிய 30 பஸ்களில் சில முழுதும் இந்த எரிபொருளிலும், சில பாதிக்குப் பாதி கலவையிலும் ஓட்டப்பட்டன. ஒவ்வொரு பஸ்ஸும் 300,000 கிலோமீட்டர் ஓடிற்று. பூமியை ஏழு தடவைக்கு மேல் சுற்றிவரும் தூரம் அது. எஞ்சின்கள் தாங்கின. அந்த ஆராய்ச்சியின் பயனாகவே 2011இல் நூற்றுக்கு 5 பங்கும், 2019 பிப்ரவரியில் 10 பங்குமாகப் போக்குவரத்து டீசலில் செம்பனை எஸ்டர் கலக்கப்படலாயிற்று.

வாசகர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். பழைய வண்டிக்குச் செம்பனை எண்ணெய் போடலாமா என்று கேட்பவர், தமக்குத் தெரியாமலே அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார்! 10 பங்கு கலந்த டீசல் 100 லிட்டர் போட்டால் அதில் 10 லிட்டர் செம்பனையே.

அந்தச் சிறு கலப்பால் பழைய பம்புக்கு ஒரு நன்மையும் உண்டு. காற்றைக் கெடுக்கும் கந்தகத்தை நீக்கிய யூரோ 5 டீசல் 2021இல் கட்டாயமாயிற்று. கந்தகம் நீக்கும்போது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் போய்விடுகிறது. அதை மருந்து சேர்த்து ஈடு செய்கிறார்கள். எரிபொருளையே மசகாக நம்பியிருக்கும் டி.பி.ஏ. பம்புக்கு இது முக்கியமான செய்தி. நூற்றுக்கு இரண்டு பங்கு எஸ்டர் சேர்ந்தாலே வழுவழுப்பு திரும்பிவிடுகிறது.

ஆயினும் 20 பங்குக்கு மேல் போகும்போது வேறு தொல்லைகள் தலைகாட்டுகின்றன. பழைய வண்டியிலுள்ள ரப்பர்க் குழாய்களும் பம்பின் ரப்பர் வளையங்களும் எஸ்டரில் ஊறி உப்பி இளகிக் கசியத் தொடங்கும். ரப்பர் மரத்துக்கும் செம்பனைக்கும் இந்த நாட்டில் நிலத்துக்காகப் போட்டி நடந்ததை நாம் அறிவோம். வண்டிக்குள்ளும் அந்தப் போட்டி தொடர்கிறது போலும். எஸ்டர் நல்ல கரைப்பான் ஆதலால், முப்பது நாற்பது ஆண்டுகளாக டாங்கியின் அடியில் படிந்த அழுக்கையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்து வடிகட்டியில் அடைக்கும். வழியில் வண்டி நின்றுவிட்டால் பலரும் எரிபொருளைக் குறை கூறுவார்கள், குற்றம் டாங்கியினுடையது. முதல் சில வாரங்களில் வடிகட்டியை இரண்டு மூன்று தடவை மாற்றினால் போதும்.

இனிக் கணக்கு. கழித்த எண்ணெயிலிருந்து செய்த எஸ்டர் லிட்டர் 2 வெள்ளிக்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். நிலையத்து டீசலில் ஏற்கெனவே 10 பங்கு இருப்பதால், மொத்தம் 20 பங்கைத் தாண்டாமல் இருக்க நூறு லிட்டருக்கு 11 லிட்டர்தான் நாம் சேர்க்கலாம். எஸ்டரில் டீசலைவிட வெப்பச் சக்தி லிட்டருக்கு 8 பங்கு குறைவு. அதையும் கழிக்க வேண்டும். 2024 ஜூன் விலையில் பார்த்தால் மாதச் செலவு 335 வெள்ளியிலிருந்து 323 வெள்ளி ஆகிறது. மிச்சம் 12 வெள்ளி! முழுதும் எஸ்டரிலேயே ஓட்டினால் 108 லிட்டருக்கு 216 வெள்ளி. மிச்சம் ஏறத்தாழ 120 வெள்ளி. தொகை கவர்ச்சியானதுதான். எல்லா ரப்பர் உறுப்புகளையும் வைட்டான் என்னும் செயற்கை ரப்பராக மாற்றிவிட்டு, ஈப்போ, கிள்ளான் போன்ற தாழ்நிலத்தில் ஓட்டுபவருக்கு இது முடியாததன்று. ஆனால் செம்பனை எஸ்டரும் 15 பாகையை ஒட்டி உறையக்கூடியது. கேமரன் மலை விடியற்காலைக்கு முழு எஸ்டர் ஒத்துவராது.

அந்த 2 வெள்ளி விலைதான் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. கழித்த எண்ணெயை ஓடையில் கொட்டிய காலம் போய்விட்டது. இன்று அதற்கு உலகச் சந்தை இருக்கிறது. சிங்கப்பூரில் துவாஸ் வட்டாரத்தில் பின்லாந்து நாட்டு நெஸ்டே கம்பெனி 2010இல் திறந்து 2023இல் பெருக்கிய ஆலை, கழித்த எண்ணெயையும் கொழுப்பையும் வாங்கி டீசலாகவும் ஆகாய விமான எரிபொருளாகவும் மாற்றுகிறது. வறுத்த கோழியின் எண்ணெய் விமானத்தில் பறக்கிறது என்றால், அதை நமக்கு இலவசமாகத் தருபவர் யார்? சொந்தமாக உணவுக்கடை வைத்திருப்பவர், அல்லது உறவினர் கடையிலிருந்து பெறக்கூடியவர், இவர்களுக்கே இக்கணக்கு கட்டிவரும்.

வீட்டிலேயே எஸ்டர் காய்ச்சும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு கண்டிப்பான சொல். மெத்தனால் நஞ்சு, குடித்தால் மட்டுமன்று, ஆவியை முகர்ந்தாலும் தோலில் பட்டாலும் உடலில் ஏறும், கண் பார்வையைப் பறிக்கும். நம் நாட்டு வெப்பத்தில் அதன் ஆவி எந்நேரமும் பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும். அதன் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. அடுப்படியிலோ பிள்ளைகள் நடமாடும் இடத்திலோ செய்யத்தக்க காரியமன்று. தவிர, பயோடீசல் போன்ற உயிர் எரிபொருள்களை உற்பத்தி செய்ய உரிமம் வேண்டும் என்று மலேசியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. பலமுறை பொரித்த எண்ணெயில் அமிலம் மிகுந்திருக்கும். அதை அளந்து காரத்தைக் கூட்டாவிட்டால் எஸ்டருக்குப் பதில் சவர்க்காரம் கிடைக்கும். உரிமம் பெற்ற உற்பத்தியாளரிடம் வாங்குவதே நலம்.

மண்ணெண்ணெய் கலப்பதும் கழிவு எஞ்சின் எண்ணெய் கலப்பதும் சிலரிடம் உள்ள வழக்கம். மண்ணெண்ணெய் மெல்லியது; பம்பின் மசகைக் கெடுக்கும். கழிவு எண்ணெயில் உலோகத்தூள் இருக்கும். பம்பை அரத்தால் அராவுவது போல் அராவும். இரண்டும் கூடா.

இத்தனையும் சொன்ன பிறகு, 12 வெள்ளியைவிடப் பெரிய மிச்சம் வண்டியிலேயே ஒளிந்திருப்பதைக் காட்ட வேண்டியது கடமையாகிறது. மலைச்சாலையில் முன்னே போகும் லேண்ட் ரோவர் கரும்புகை கக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருமை எரியாத டீசல். காசு கொடுத்து வாங்கியது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையிலிருப்பதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. தாழ்நிலத்துப் பட்டறையில் முழு அளவுக்குத் திருகி வைத்த பம்பு, மலையில் எரிக்க முடியாத அளவு டீசலைத் தள்ளுகிறது. ஆகவே மலையில் ஓடும் வண்டியின் பம்பை மலையிலேயே, புகை தெளியும் அளவுக்குக் குறைத்து வைக்க வேண்டும். பாய்ச்சும் நேரத்தையும் சரிபார்த்து, நோசல்கள் குறித்த அழுத்தத்தில் திறக்கின்றனவா என்று சோதித்து, காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தால், கேட்பாரற்றுக் கிடந்த வண்டியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மிச்சமாவது அரிதன்று. பத்துப் பங்கு என்றால் மாதம் 33 வெள்ளி. இதற்கு மெத்தனாலும் வேண்டாம், உரிமமும் வேண்டாம்.

டயரில் காற்றுக் குறைவாக ஓட்டுவது மற்றொரு நட்டம். சேற்றில் பிடிப்புக்காகக் காற்றை இறக்கிவிட்டு, தார்ச்சாலைக்கு வந்த பின்னும் அப்படியே ஓட்டுபவர் பலர். தார்ச்சாலையில் முன் சக்கரங்களை இழுப்பிலிருந்து விடுவிக்க அச்சு முனையில் பூட்டும் திருகு மூடிகள் உண்டு. அவை இருந்தால் முன் அச்சின் உறுப்புகள் வீணாகச் சுழல்வது நிற்கும். தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் அடிக்கடி சரக்குக் கொண்டு போகிறவர்களுக்கு ஃபேரி கம்பெனியின் ஓவர்டிரைவ் என்னும் கூடுதல் கியர் பயன்படும். அதே வேகத்தில் எஞ்சினின் சுழற்சி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். தோட்டத்துக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு அது தேவையில்லை.

எஸ்டரை வாங்கிக் கலப்பவர்கள் அதைச் சேமிக்கும் முறையிலும் கவனம் வைக்க வேண்டும். டீசலைவிட எஸ்டர் ஈரத்தை அதிகமாக ஈர்க்கும். பாதி காலியான தோம்பில் மழைக்காலத்துக் காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். அந்நீரில் நுண்ணுயிர் வளர்ந்து கரும்பாசியாக மிதக்கும். தோம்பை நிழலில், மூடி சற்றுச் சாய்ந்திருக்குமாறு வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தங்கவிடாமல் பயன்படுத்திவிடுவது நல்லது. எடுக்கும்போது அடிவரை குழாயை விடாமல், ஒரு சாண் மேலே நிறுத்தி உறிஞ்ச வேண்டும். வண்டியிலுள்ள வடிகட்டியின் அடித் திருகை வாரம் ஒரு முறை தளர்த்தி, நீர் சொட்டி எரிபொருள் வரும்வரை விட்டு மூட வேண்டும். லேண்ட் ரோவரில் அதற்குச் சாவி ஒன்றும், பிடிக்க ஒரு பால் டின்னும் போதும்.